அரைப்புள்ளி

வெள்ளி இரவு ஒன்பதரை.
செக்காலை ரோட்டில் ஷட்டர் இறங்கும் சத்தம்
கடை கடையாக நடந்து வந்து
எங்கள் மாடிப்படியில் நிற்கும்.
அதற்குப் பிறகு நானும்
யூபிஎஸ்ஸும்
தீப்பெட்டியைவிடச் சற்றே பெரிய அந்த டேப்பும்.

டிரைவ் அதை வாய் மூடி வாங்கிக்கொள்ளும்.
கறுப்புத் திரையில் அடிப்பேன்:
டார், சி, வி, எஃப்,
டெவ், சாய்கோடு, எஸ்டி சைபர்,
கடைசியில் ஒரு புள்ளி.

புள்ளி என்றால் கம்ப்யூட்டருக்கு
நிற்கும் இடத்தில் உள்ள எல்லாமும்.
சங்கச் செயலாளர் நாச்சியப்பனுக்கு
கல்யாணமான ஒரு ஜோடி.
கோயில் வரியைப் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் பேசுவார்.
‘புள்ளி குறையக் கூடாது இருதயம்’ என்பார்,
நான் குடும்பங்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
சருகணிக்குப் பஸ் ஏறிவிடுவேன் என்பதுபோல.

முதல் கட்டளை பதிவேட்டுக்கு,
இரண்டாவது வரி ரசீதுகளுக்கு.
நடுவில் ஓர் அரைப்புள்ளி.
துணை போனவர்களுக்கும் இவர்கள் கணக்கில் அரைப்புள்ளிதான்.
தெரியாமல் முதல் மாதம்
தேவகோட்டை அலமேலு ஆச்சியின் அரையை
ஒன்றாகத் திருத்திவிட்டுத் திட்டு வாங்கினேன்.

முப்பத்தோரு வெள்ளி.
டேப் ஓடும், நிற்கும், பின்னால் சுற்றும்.
மறுபடி ஓடும், நிற்கும், பின்னால் சுற்றும்.
அந்தச் சுற்றும் சத்தம் எனக்குப் பிடிக்கும்.
வேலை முடிந்ததன் சத்தம் என்றிருந்தேன்.
லேபிளில் எழுதுவேன்: பதிவேடு, ரசீது, தேதி.
கையெழுத்து அழகாக இருக்கும்.

அடுத்த வெள்ளி
ஹார்ட் டிஸ்க்குக்குள் யாரோ
வறுகடலை மெல்வதுபோல் ஒரு சத்தம்.
ஒரே ஒருமுறை. பிறகு இல்லை.
சும்மா பார்ப்போமே என்று
பழைய டேப் ஒன்றைப் போட்டு
சி இருந்த இடத்தில் டீ அடித்தேன்.

ரசீது வந்தது.
அடுத்ததற்குப் போ என்றேன்,
போக மாட்டேன் என்றது.
இன்னொரு டேப். ரசீது.
இன்னொன்று.
ரசீது.

மேனுவலை விரித்து, பக்கம் பறக்காமல்
செல்போனை மேலே வைத்துப் படித்தேன்.
எஸ்டி சைபர், எழுதி முடித்ததும்
தானாகத் தொடக்கத்துக்குப் போய்விடுமாம்.
போகாமல் நிற்க
முன்னால் ஓர் எழுத்து வேண்டும்.
என்.

முப்பத்தோரு வாரமும் பதிவேட்டின் தலைமேல்
ரசீதை எழுதியிருக்கிறேன்.
விட்டது ஓர் என்.
என் விரல், என் அவசரம், என் அழகான கையெழுத்து,
எல்லாம் அதில்தான் தொடங்குகிறது.

இதில் கொடுமை, ரசீதுகள் சின்னவை.
அவை முடிந்த இடத்துக்கு அப்பால்
இளையாத்தங்குடியில் பாதி, மாத்தூர், நேமம்
அழியாமல் அதே நாடாவில் கிடக்கின்றன.
நடுவில் ‘இத்துடன் முற்றும்’ என்று ஒரு குறி.
டிரைவ் அதைத் தாண்டாது.
கெஞ்சினேன் என்றே சொல்லலாம்.

நல்லவேளை, டிஸ்க் இன்னும் ஓடியது.
புது டேப். என் போட்டேன்.
பாதியில் கரண்ட் போய் யூபிஎஸ் கத்தத் தொடங்கியது.
பேரம் பேசி வாங்கிய பேட்டரி,
எத்தனை நிமிஷம் தாங்கும் என்று
விற்றவனுக்கே தெரியாது.
பதினோராவது நிமிஷம் விளக்கு வந்தது.

முதல் டார் முடிந்தது.
டேப் சுற்றவில்லை,
சும்மா நின்றது.
அவ்வளவு அமைதியை
அந்த அறையில் நான் கேட்டதில்லை.
பயந்தேன்.
பிறகு ரசீதுகள், அதன் பின்னால், அதனிடத்தில்.

நானே பின்னால் சுற்றச் சொல்லி
மூன்று மணிவரை படித்தேன்.
ஒரு குடும்பம் ஒரு வரி.
ஒரு பெயரையும் எனக்குத் தெரியாது,
அலமேலு ஆச்சியைத் தவிர.
அவர் வந்தபோது திரையை நிறுத்தி
அரை, அரையாகவே இருக்கிறதா என்று
கோப்பைத் திறந்து பார்த்தேன்.

காலையில் நாச்சியப்பனிடம் சொன்னேன்,
முப்பத்தொன்றையும் சொன்னேன்.
காபி ஆறும்வரை கேட்டார்.
‘இப்ப எத்தனை புள்ளி?’
அரையோடு சேர்த்துச் சொன்னேன்.
‘சரி, புது டேப்புக்குப் பில் வாங்கினியா?’

வாங்கியிருந்தேன்.
அது என் பேரில் இருந்தது.