ஏழாம் எண் கோழி

காலை ஆறே முக்காலுக்குள்
பதிவுக் கருவியில் பதினோரு குரல்கள்.
பிள்ளைக்குக் காலெல்லாம் தடிப்பு என்கிறது ஒன்று.
உங்கள் வண்டி என் ரோஜாக்கள் மேல்
மூச்சு விட்டுப் போனது என்கிறது அடுத்தது;
திருமதி ஒகான்யான், வழக்கம்போல் பெயர் சொல்லாமல்.
பத்தாவது குரல் பேசவே இல்லை.
யாரோ தன் கழுத்தில்
பளீரென்று அடித்துக்கொண்ட ஓசை மட்டும்.
பதினொன்றாவது, ஆய்வகம்:
ஏழாம் எண் கோழி. ரத்தத்தில் இருக்கிறது.

கால்வாய்க் கரையில் பத்துக் கோழிகள் வைத்திருக்கிறோம்.
முட்டைக்கு அல்ல, கடிபட.
திங்கள்தோறும் கூ லோர் கொண்டையில் ஊசியால் குத்தி
ஒரு சொட்டைக் காகிதத்தில் ஒற்றி அனுப்புவான்.
இந்த ஊருக்கு வரும் காய்ச்சல்
முதலில் கோழியிடம் சொல்லிவிட்டு வரவேண்டும்,
அவ்வளவுதான் ஏற்பாடு.
கோழிக்கு ஒன்றும் ஆகாது.
ஏழு இன்றும் தவிடு தின்றது,
இன்றும் கூவின் விரலைக் கொத்தியது.

மதியம், வங்கி எடுத்துக்கொண்ட ஒரு வீடு.
பூட்டுக்குப் பின்னால் நீச்சல் குளம்
நான்கு மாதப் பச்சையில் கனத்துக் கிடக்கிறது.
ஓர் அகப்பை மொண்டால்
தலைகீழாய்த் தொங்கி மூச்சு வாங்கும்
நாற்பது காற்புள்ளிகள்.
முடியாத வாக்கியம்.
இரண்டு கை மீன் விட்டேன்.
வங்கிக்கு எழுதினால்
வேறொரு வங்கியைக் கேட்கச் சொல்லும்.

பிறகு எமெட் ஹௌகன்,
முலாம்பழக் காட்டோரம் நாற்பது தேன்பெட்டி.
இரவு பத்துக்கு மேல்தான் அடிப்போம் என்றேன்.
பத்து மணிக்குத் தேனீ தூங்குமென்று
உனக்கு யார் சொன்னது? வந்து பார் என்றார்.
போனேன்.
பொழுது சாய்ந்தும் அடங்காத வெக்கையில்
ஒவ்வொரு பெட்டியின் வாசலிலும்
தாடிபோல் தொங்கிக்கொண்டிருந்தன.
சாக்கை நனைத்து நனைத்து
நாற்பதையும் மூடினோம்.
அவர் நன்றி சொல்லவில்லை,
நான் மன்னிப்புக் கேட்கவில்லை.
கையுறைக்குள் ஒன்று கொட்டியது.
நியாயம்.

அங்கிருந்து நேராக வாரியக் கூட்டம்.
சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு வந்தது
என்று கேட்டார் பொருளாளர் டிம்மன்ஸ்.
யாருக்கும் இல்லை.
அப்புறம் இரண்டாவது வண்டி எதற்கு?
பூஜ்யத்தை எந்தக் குப்பியில் அடைத்து
மேசைமேல் கொண்டுவந்து வைப்பேன்?
கடிபடாதவர் ஒருவர்கூட
என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டதில்லை.
மூட்டைப்பூச்சிக்காக
வீட்டைக் கொளுத்த முடியாது அம்மா என்றார்.
அவர் வழுக்கையில் ஒன்று வந்து உட்கார்ந்தது.
நான் சொல்லவில்லை.
வாக்கெடுப்பு முடியட்டும்.

மூன்றுக்கு இரண்டு.
இரண்டாவது வண்டி கிடையாது.

இருக்கும் ஒற்றை வண்டியில்
மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டு
மாட்டுவண்டி வேகத்தில் போனோம்.
புகைகூட இல்லை, ஈரமான ஒரு பெருமூச்சு.
தெருவுக்குத் தெரு ஜன்னல்கள் சாத்திக்கொண்டன.
ஒகான்யான் வீட்டு முன் குழாயை மூடி
பத்து ரோஜாச் செடி தாண்டித் திறந்தான் கூ.
நான் அதைக் குறிப்பில் எழுதவில்லை.

மறுநாள் கூ கேட்டான்,
ஏழை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா.
விஷத்தை வென்ற ரத்தம்
இனி சாட்சிக்கு உதவாது;
இனி அதை எது கடித்தாலும்
அது நமக்கு எதையும் சொல்லாது.
கோழிக்கென்று தனிப் படிவம் இல்லை.
பழுதான நாற்காலிக்கு உரியதில்
கையெழுத்துப் போட்டேன்.
காரணம் என்ற கட்டத்தில்
நெடுநேரம் பேனா நின்றது.
"பணி முடிந்தது."

அந்தியில் கோரைப்புல் ஓரம்
கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டி
அசையாமல் நிற்கிறேன்.
ஒரு நிமிடம். கூவின் கையில் கடிகாரம்.
போன வாரம் இதே இடத்தில் முப்பத்தொன்று.
இருபது நொடி. தவளைகள்.
நாற்பது. என் வியர்வை வழியும் சத்தம்.
ஐம்பத்து மூன்றில்
கெண்டைக்காலில் ஏதோ இறங்குகிறது,
அத்தனை மெதுவாக.
ஊசியின் நடுவே வெள்ளை வளையம்.
அதேதான்.

அடிக்கக் கூடாது.
எண்ணுவதற்காக நிற்கும் கால் இது.

எழுதிக்கொள், கூ:
ஒன்று.