பத்துக்கு ஒன்பது

இரண்டு பெட்டிகள்.
ஒன்று தொண்ணூற்றிரண்டாயிரம் ரேண்ட்,
வாங்கியவர் என் கணவர், தவணையில்.
மற்றது கிரீசன் செட்டியுடையது, ஆயிரத்துத் தொள்ளாயிரம்,
தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது.
இரண்டுக்கும் வேலை ஒன்றுதான்:
எண்களை வாங்கிக்கொண்டு
ஒலியாகத் திருப்பித் தர வேண்டும்.

சாட்ஸ்வர்த்தில் சனிக்கிழமை மாலை.
எட்டு மணிக்குக் கரண்ட் போகும் என்கிறது அட்டவணை.
அதற்குள் தீர்ப்பு வந்தாக வேண்டும்.
ஜன்னலைச் சாத்தினார்கள். ஃபிரிட்ஜை அணைத்தார்கள்.
கூரைமேல் கத்திக்கொண்டிருந்த ஹடீடாவை மட்டும்
யாராலும் அணைக்க முடியவில்லை.

சுவிட்ச் என் கையில்.
இதில் எனக்கு ஆர்வமில்லை என்பதே என் தகுதி.
மீட்டர் வைத்து இரண்டின் அளவையும் சமமாக்கினேன்.
அரை டெசிபல் கூடினால் போதும்,
கூடியதைத்தான் காது இனிமை என்னும்.

மூன்று பேர் காதும் எனக்குத் தெரியும்.
ஆஸ்பத்திரிக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து
பீப் கேட்டால் பொத்தானை அழுத்துங்கள் என்று
சொன்னவளே நான்தான்.
தேசிகனுக்குப் பத்தாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேல் வெறுங்காடு.
கிரீசனின் இடக்காதில் ஓயாத ரீங்காரம்.
சத்தியசீலன் படையாச்சி
பிராஸ்பெக்டன் கார் ஃபேக்டரியில்
தகடு அழுத்தும் பிரிவில் இருபத்தாறு வருஷம்.
அவருடைய வரைகோடு நாலாயிரத்தில்
படி தவறியவனைப் போல விழுகிறது.
சகரம் அவருக்குப் பாதிதான்.
மழை அவருக்குத் தகரத்தில் மட்டும் பெய்யும்.

தொழில் ரகசியம். நான் வாயைத் திறக்கவில்லை.

தம்புராவும் ஒரு பெண்குரலும், நாற்பது விநாடி.
“பட்டு” என்றார் தேசிகன்.
(ஓடியது தீப்பெட்டி.)
“பின்சுவர் தெரியுது, குரலைச் சுத்திக் காத்து இருக்கு”
என்றான் கிரீசன்.
(அப்போதும் அதுதான்.)
படையாச்சி எதுவும் சொல்லவில்லை,
பென்சிலை நக்கி நக்கி எழுதினார்.

பத்துச் சுற்று முடிந்து சீட்டுகளைப் பிரித்தேன்.
தேசிகனுக்கு ஐந்து சரி. கிரீசனுக்கு நான்கு.
காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் இதேதான் வந்திருக்கும்,
தவணையும் மிஞ்சியிருக்கும்.
படையாச்சிக்கு
ஒன்பது.

திரும்ப எண்ணினேன். ஒன்பதுதான்.
கரண்ட் போனது.

மெழுகுவர்த்தியில் பீன்ஸ் பன்னி தின்றோம்.
தேசிகன் அவர் முதுகில் தட்டி,
“பார்த்தாயா, உண்மையான காது!” என்றார்.
அவர் கிண்ணம் கழுவ வந்தபோது
வெளிச்சம் என் முகத்தில் விழும்படி நின்று கேட்டேன்,
அப்படி நின்றால்தான் அவருக்குக் கேட்கும்.
“எப்படி?”

“எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க.
நான் மூடினா எனக்குக் காதும் மூடிரும்மா.
உன்னையேதான் பார்த்துக்கிட்டிருந்தேன்.
பெரிய பெட்டி பாடுறப்பல்லாம்
உன் தோள் கொஞ்சம் இறங்கிச்சு.”

“தவறிய ஒன்று?”

“அப்ப அந்தப் பறவை கத்திச்சில்ல,
நீ திடுக்குன்னே.”

இரவு பத்தரைக்கு வெளிச்சம் திரும்பியது.
தொண்ணூற்றிரண்டாயிரத்தின் நீல விளக்கு
என்னைப் பார்த்தபடி இருந்தது.
வித்தியாசம் துளியும் தெரியவில்லை என்று
மூவரிடமும் அடித்துச் சொன்னவள் நான்.
இந்தத் தோளை யார் கேட்கச் சொன்னது?
அது கேட்டது குரலையா,
சுவிட்ச் எந்தப் பக்கம் என்று தெரிந்த
விலையையா?

அடுத்த சனி சுவிட்ச் கிரீசனிடம்.
எந்தப் பெட்டி என்று எனக்கும் சொல்லக் கூடாது,
அவனும் துணிக்குப் பின்னால் இருக்க வேண்டும்.
நான் சுவரைப் பார்த்து உட்காரப் போகிறேன்.
படையாச்சி என் பின்னால்,
பென்சிலோடு.