ஒரு பக்கம் ஒரு ரூபாய்

தேவகோட்டை பஸ் ஸ்டாண்டில்
பதினோரு வருஷமாய் ஜெராக்ஸ் கடை.
நாகலுவின் மனுக்கள் எல்லாம் என் மெஷினில் படுத்து எழுந்தவை.
ஒவ்வொரு முறையும் மூன்று பிரதி.

காட்டுநாயக்கன் என்பதற்கு
தாத்தாவின் சான்றிதழ் கேட்டார்களாம்.
தாத்தா இருந்த காட்டில் தாசில்தார் இல்லை.
எலி பிடித்துக் காட்டச் சொன்னார்களாம் ஒரு தடவை.
பிடித்தார்.
எலிக்கு ரசீது தரவில்லை.

மகள் ரோகிணி பிளஸ் டூவில் ஐந்நூற்று நாற்பது.
கல்லூரியில் கேட்பது அந்த ஒரே தாளை.

இன்று ஷட்டரைப் பாதி ஏற்றும்போது
ஊர்வலம் வந்தது. எண்பது பேர் இருக்கலாம்.
கோஷம் தயங்கித் தயங்கி,
முதல் வரிசையில் சத்தம், கடைசியில் இருமல்.
ரோகிணியின் கணக்கு டீச்சர்,
டீ மாஸ்டர் சேவியர்,
காரைக்குடியில் பழைய தூண் விற்கிற வெள்ளையப்பன்கூட.

நீங்க எப்படிண்ணே என்றேன்.
"பர்மாத் தேக்குன்னு சொன்னா
வாய்ச்சொல்லை நம்பி லட்சம் எண்ணி வைக்கிறான்.
எந்தக் காடுன்னு மரத்துகிட்ட
எவனும் தாள் கேட்டதில்லை தம்பி."

டோனர் கறுப்போடு
நானும் இறங்கி நடந்தேன்.
ஷட்டர் பாதியிலேயே நிற்கிறது.

மனு நான்கு பக்கம், மூன்று பிரதி,
வருஷத்துக்கு ஐந்தாறு தடவை,
பதினோரு வருஷம்.
நடந்துகொண்டே பெருக்கினேன்,
நாகலு என்னிடம் கட்டிய தொகையை.

பக்கத்தில் ரோகிணி
வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தாள்.
கோஷமா, விடையா, தெரியவில்லை.
கோட்டாட்சியர் அலுவலகக் கேட்
பூட்டியிருந்தது.