தொண்ணூறு மைல்

குழலின் நீளம் பதினான்கு அங்குலம்.
பதினாறு இருந்தால் அது வெறும் துப்பாக்கி.
குறைகிற இரண்டு அங்குலத்துக்கு
வாஷிங்டனில் ஒரு கோப்பு இருக்கிறது,
இருநூறு டாலர் முத்திரையும்
ராய்ஸின் பத்து விரல் ரேகையும் அதில்.

மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோக
இன்னொரு படிவம்.
எங்கிருந்து: ஜில்லெட், வயோமிங்.
எதில்: சொந்த வாகனம்.
காரணம்
என்ற இடத்தில் அரை விரல் அகலக் கட்டம்.
'வேலை' என்று எழுதினான்.
பொய்யில்லை.
நிலக்கரிச் சுரங்கம் அவனை அனுப்பிப் பதினொரு மாதம்.
பியோரியாவில் இரவு ஷிப்டுக்கு
வெல்டர் கேட்டிருந்தார்கள்.

ஆனால் பியோரியா இருப்பது இல்லினாயில்.
அந்தக் குட்டைக் குழலை அங்கே சேர்ப்பதில்லை,
அதன் சத்தத்தை விழுங்கும் சைலன்சரையும்.
"ஆற்றுக்கு இந்தப் பக்கம் யோக்கியன்,
பாலம் தாண்டினால் குற்றவாளியா?"
மூன்று நாள் சுவரோடு சண்டை போட்டான்.
பீங்கான் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டே
அநியாயம்தான் என்றேன்.

நெவாடாவிலும் அழைத்தார்கள். தங்கச் சுரங்கம்,
சம்பளம் கூட,
எதையும் கொண்டுபோகலாம்.
பியோரியாவைப் பிடித்துத் தொங்கியவள் நான்.
பள்ளிக்கூடம் நல்லது, அக்கா பக்கத்தில் என்றேன்.
பள்ளிக்கூடத்தைப் பற்றிப் படித்தது அப்புறம்.
முதலில் படித்தது
சட்டம்.

போன பிப்ரவரி முழுக்க
கீழ்த்தளத்து இரும்பு அலமாரி
மூன்று முறை சொடுக்கி, ஒரு முறை முனகித் திறக்கும்.
தூக்கத்திலேயே எண்ணப் பழகியிருந்தேன்.
படிக்கட்டில் எண்ணெய் வாசம் ஏறி வரும்.
துடைக்கிறேன் என்பான்.
சுடாத துப்பாக்கியை
வாரம் நாலு ராத்திரி எவன் துடைப்பான்?
கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவானோ என்றிருந்தது.

வேட்டைத் துப்பாக்கிகளை அவன் தம்பி வாங்கிக்கொண்டான்.
இதை விற்க மாட்டேன் என்றான்,
ஒவ்வொரு திருகும் அவன் கையால் பூட்டியது.
டேவன்போர்ட்டில், ஆற்றின் அயோவாக் கரையில்,
மெர்வின் ஓட்டோ என்பவர் கடையில்
மாத வாடகைக்குப் பெட்டகம்.
அந்த முகவரிக்குத்தான் படிவம் போனது.
வீட்டை விற்றுக் கையெழுத்துப் போட ஆறு நாள் இருந்தபோது
முத்திரை விழுந்து திரும்பி வந்தது.
ராய்ஸ் அதை இரண்டு முறை படித்தான்.
நான் உறையைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்,
சின்னச் சின்னதாக.

தெற்கு டகோடா முழுக்கக் காற்று.
பின்சீட்டில் நாய் வாந்தி எடுத்தது.
நாய்க்கு யாரும் படிவம் கேட்கவில்லை.

ஓட்டோ அதிகம் பேசாதவர்.
"பெட்டி இங்கே, சாவி உங்களிடம்.
நான்கூடத் திறக்க முடியாது" என்றார்.
சாவியை வளையத்தில் கோர்க்கும்போது
ராய்ஸின் கட்டைவிரல் நடுங்கியது.
வெளியே மிசிசிப்பி
சேற்று நிறத்தில் அகலமாகப் போய்க்கொண்டிருந்தது.
பாலத்தில் ஏறியதும் ரேடியோவைப் போட்டேன்.
அணைத்தான்.
மறுபடி போட்டேன்.

அங்கிருந்து எங்கள் வாசலுக்குத் தொண்ணூறு மைல், கொஞ்சம் கூடவே.
ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் ஒருவனுக்குப் பசிக்கலாம்,
மூத்திரம் வரலாம்,
வழியில் எங்காவது பொழுது விடியலாம்.
இவ்வளவுதான் என் கணக்கு.
இதை எழுத எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இரண்டாவது ஞாயிறு போனான்.
எண்ணெய் போட்டேன் என்றான் வந்து.
அடுத்த ஞாயிறு மழை.
அதற்கடுத்து, கூரை ஒழுகுகிறதென்று
பக்கத்து வீட்டில் ஏணி வாங்கினான்.
இந்த ஊரில் அட்டை வாங்கினால்
நீளக்குழல் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம்,
அதுவும் எனக்குத் தெரியும்.
இன்னும் விண்ணப்பிக்கவில்லை.

காலையில் ஷிப்ட் முடிந்து வந்து படுத்ததும்
செருப்புக்கூடப் போடாமல் காருக்குப் போய்
மீட்டரைப் பார்க்கிறேன்.
தொழிற்சாலைக்குப் போக எட்டு, வர எட்டு.
பதினாறு.