நிலையானது

மே மாதம். மேற்கு வாயில் கூண்டில்
காலடி ஹீட்டர் முனகுகிறது.
பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது,
பின்னால் இன்னும் நான்கு.

ஓட்டி வந்தது மனைவி.
அவள் மடிக்குக் குறுக்கே சாய்ந்து
எட்டாய் மடித்த மருத்துவர் கடிதத்தை நீட்டினார்
எம்மெட் லிண்ட்குவிஸ்ட்.
முப்பது வருடம் மரம் வெட்டியவர்.
ஒரு லார்ச் தப்பான பக்கம் சாய்ந்ததாம்.
வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

படிவத்தில் ஒரே ஒரு கேள்வி:
குறைபாடு நிலையானதா?
பக்கத்தில் ஒரு கட்டம்,
சுண்டுவிரல் நகம் அளவுகூட இல்லை.

பேனா இடது கையில். பழகாத கை.
"வீட்டில் 'பார்க்கலாம்' என்றுதான்
சொல்லிக்கொண்டிருக்கிறோம்" என்றார்.

மனைவி கண்ணாடியைத் துடைத்தாள்,
துடைத்த இடத்தையே மறுபடி.
யாரோ ஹாரன் அடித்தார்கள்.
எனக்கு ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை;
கேட்காமலே ஒரு வரைபடம் எடுத்து வைத்தேன்.

கோடு விழுந்தது, கோணலாய்,
கட்டத்தைத் தாண்டி.

அட்டையைக் கொடுத்து
வழக்கமாய்ச் சொல்வதைச் சொன்னேன்:
ஆயுள் முழுக்கச் செல்லும்.
"அட்டையின் ஆயுளா?" என்று கேட்டார்.
அவள்தான் முதலில் சிரித்தாள்.

வண்டி நகரும்போது தலையை நீட்டி,
"ஏரி இன்னும் உறைந்துதான் கிடக்கிறதா?"

நடுவில் மட்டும், என்றேன்.
ஓரமெல்லாம் இளகிவிட்டது.