நீலம் பிடிக்குமா

கோரிப்பாளையம் சிக்னலில்
பஸ்காரன் எவனோ ஹாரனை விடுவதாயில்லை.
மாடியில், ஏசி நடுங்கும் அறையில்
நான் ஒரு சிறுநீரகத்துக்குள் இருக்கிறேன்.

படிவத்தில் இவ்வளவுதான்:
பொ. தவசிலிங்கம், 54, சோழவந்தான்.
இடப்பக்கம். கட்டி, ஏழு சென்டிமீட்டர்.
தொழில் என்ற கட்டத்தில்
'வெற்றிலை' என்று மட்டும் யாரோ எழுதியிருக்கிறார்கள்.

நேற்று அறுக்கும்போதே சந்தேகம்.
வழக்கமாக வருகிறவன் என்றால்
கத்தி பட்டதும் மஞ்சள் காட்டுவான்.
லென்ஸில் வெள்ளை வெள்ளையாய்க் காலி அறைகள்,
சுற்றிலும் கோழிக்கூண்டு வலைபோல மெல்லிய நாளங்கள்.
காலி என்பதும் நம் கைங்கரியம்தான்:
உள்ளே இருந்த கொழுப்பை
சைலீன் விட்டுக் கரைத்துவிட்டு
'வெறுமையான செல்கள்' என்று எழுதுகிறோம்.

இன்னொருவன் விரல்விரலாய் நீள்வான்.
அவனும் இல்லை இது.

வெட்டுமுகம் பழுப்பு.
கண்ணாடியில் எங்கு நகர்த்தினாலும் இளஞ்சிவப்பு.
இந்தச் சிவப்பில் இரண்டு பேர் ஒளிவதுண்டு.
ஒருவன் சாது. வளர்வான், இடத்தை அடைப்பான்,
ஊர் தாண்ட மாட்டான்.
மற்றவன் புற்று.
அவசரமில்லாதவன், ஆனாலும் புற்று.

நாற்பதில் வைத்துத் திருகைத் திருப்புகிறேன்.
உட்கரு வட்டம். வட்டம். வட்டம்.
அடுத்த புலத்தில்
உலர்திராட்சைபோல் ஒன்று சுருங்கிக் கிடக்கிறது,
அதைச் சுற்றி வெளிறிய வளையம்.
செல்லின் வரப்புகள் தடித்திருக்கின்றன,
பிளஸ் ஒன்னில் இலைத்தோல் உரித்துப் பார்த்தோமே, அதுபோல.
அல்லது
'வெற்றிலை' என்று படித்துத் தொலைத்ததால்
எனக்கு அப்படித் தெரிகிறதா?

சர்ஜன் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார்:
"மேடம், ஆமாவா இல்லையா?"
கீழே கவுண்டரில் மகள் நிற்கிறாளாம்.
முழுப் பணம் கட்டியாச்சு,
ரிசல்ட் மட்டும் ஏன் பாதி என்கிறாளாம்.

ஜெய்லானி இரும்புக் கரைசல் கலக்குகிறான்.
சாதுவானவன் நீலத்தை
ஓரத்தில் தொட்டுக்கொள்வான், அவ்வளவுதான்.
மற்றவனுக்குப் பெயரே நிறவெறுப்பன்;
இந்த ஒரு நீலத்தை மட்டும்
வேண்டாம் என்று சொல்லத் தெரியாது அவனுக்கு.

ஆறு வருஷம் முன்பு ஒரு திங்கட்கிழமை
நீலம் வரவில்லை. சாது என்று கையெழுத்துப் போட்டேன்.
கரைசலில் அமிலம் சரியில்லை என்று
மூன்று நாள் கழித்துத் தெரிந்தது.
உசிலம்பட்டிக்கு நானே போன் செய்தேன்.
எடுத்த அம்மா,
"நல்ல சேதிதானம்மா சொன்னீங்க,
இன்னொருக்கா எதுக்குச் சொல்றீங்க" என்றார்.
அன்றிலிருந்து
சாட்சிக் கண்ணாடி ஒன்று பக்கத்தில் இல்லாமல்
எந்த நீலத்தையும் நான் நம்புவதில்லை.

கொண்டுவந்து வைக்கிறான், ஈரம் காயவில்லை.
முதலில் சாட்சி. சரியாக இருக்கிறது.
பிறகு தவசிலிங்கம்.

ஹாரன் நின்றுவிட்டது போலிருக்கிறது.

ஒரு மூலையில் தொடங்கி
அறை அறையாக, எல்லா வரப்புக்குள்ளும்
நீலம்.

விளிம்புகள் சுத்தம். முழுவதும் எடுக்கப்பட்டிருக்கிறது.
அதைத்தான் முதலில் தட்டுகிறேன்,
படிவத்தில் அதற்கான இடம்
கடைசியில், கீழே இருந்தாலும்.