தொண்ணூற்றாறு படிகள்

"உங்கள் நோக்கம்" என்ற கட்டத்தில்
மூன்று விடைகள் அச்சிட்டிருந்தார்கள்:
எடை குறைக்க, எடை கூட்ட, உடல் கட்ட.
நான் பேனாவை மூடி வைத்துவிட்டு
சிலிண்டர் என்றேன்.

பையனுக்குப் புரியவில்லை.
சாலையிலிருந்து என் வீட்டுக்குத் தொண்ணூற்றாறு படி.
கேஸ் வண்டி சாலையோடு நின்றுவிடும்.
தூக்கித் தந்துகொண்டிருந்த பெனடிக்ட்
திருப்பூருக்குப் போய்விட்டான்.
காலியானதை எப்படியோ இறக்கிவிடுகிறேன்,
நிறைந்தது ஏற மாட்டேன் என்கிறது.

அது பெட்ஃபோர்டு பக்கம், நான் பார்த்த முதல் ஜிம்.
கண்ணாடிச் சுவர்களில் நான்கு பேராக நின்றேன்.
நால்வருக்கும் அதே முழங்கை கிழிந்த ஸ்வெட்டர்.
"மேடம், இந்தப் பட்டனை அமுக்கினா
ட்ரெட்மில் மேடாகும்" என்றான்.
குன்னூரில் பிறந்தவளிடம்
மேட்டுக்கு விலை சொல்கிறான்!
பாலுக்கு மேடு, ரேஷனுக்கு மேடு,
செத்தவரைச் சுமந்து போகவும் மேடு.
சமதளம் இருந்தால் சொல்லப்பா,
அதற்கு வேண்டுமானால் காசு தருகிறேன்.
ஆண்டுக்குப் பதினெட்டாயிரம்,
இன்றே சேர்ந்தால் தண்ணீர்க் குப்பி இலவசம்.

இரண்டாவது, பேக்கரிக்கு மாடியில்.
கீழே வர்க்கி வேகும் வாசம்
படியேறி வந்து பக்கத்தில் நிற்கும்.
அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம்.
பெண்களுக்குப் பதினொன்று முதல் பன்னிரண்டரை வரையாம்.
அந்நேரம் நான் தபால் நிலையத்தில்
பதிவுத் தபாலுக்கு ரசீது கிழித்துக்கொண்டிருப்பேன்.
வீட்டிலிருப்பவளுக்கு மட்டும்தான் தசை வேண்டுமென்று
எந்தக் கூட்டத்தில் முடிவெடுத்தார்கள்?
கழிவறையைத் திறந்து பார்த்தேன்.
தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஒரு சணல் கயிறு.
வர்க்கி கால் கிலோ வாங்கிக்கொண்டு
வீடு வந்தேன்.

மூன்றாவதைத் தேடிப் போகவில்லை.
ஓட்டுப்பட்டறையில் மழைக்கு ஒதுங்கிய இடம்
ஜிம்மாக இருந்தது.
தகரக் கூரை, துருப்பிடித்த தட்டுகள்,
கண்ணாடி என்று ஒன்றும் இல்லை.
மழை அடித்த அடியில் எண்ணிக்கை கேட்காமல்
விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தார்கள்,
இரண்டு பெண்களும் கேரட் லாரி ஓட்டும் ஒருவரும்.
ஜெசிந்தா, நடத்துகிறவள்,
பழைய பளுதூக்கி, இடது முட்டியில் பட்டை,
என் எடையைக் கேட்கவில்லை.

எத்தனை படி?
ஒவ்வொன்றும் எவ்வளவு உயரம்?
பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா?
பாசி எந்தப் படியில்?
எனக்கே தெரியாது.
அன்று மாலை அளவுகோலோடு படியில் குனிந்திருந்தேன்.
எதிர்வீட்டு மாதி
எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று
கதவை மெல்லச் சாத்தினாள்.

முதுகில் எல்-ஃபோர் எல்-ஃபைவ் விலகியிருப்பதைச் சொன்னேன்.
ஸ்கேனைக் கொண்டு வா, அதுவரை கைவைக்க மாட்டேன் என்றாள்.
அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன் என்று நினைக்கிறேன்,
காரணம் கேட்டால்
வீட்டுக்குப் பக்கம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.
மாதம் எழுநூறு. மூன்று மாதத்துக்குக் கட்டினேன்.
ஆண்டுக்குக் கட்டினால் மலிவுதான்,
என்னை எனக்குத் தெரியும்.

முதல் மாதம் முழுக்க
உட்காரவும் எழவும் கற்றுக்கொடுத்தாள்.
நாற்பத்தேழு வயதில் எனக்கு
உட்காரத் தெரியாதாம்.
பிறகு மணல் பை, எட்டு கிலோ, பன்னிரண்டு.
இடையில் பதினாறு நாள் போகவில்லை.
அதைப் பற்றி நானும் பேசவில்லை,
அவளும் கேட்கவில்லை.
இரண்டு முறை சந்தா புதுப்பித்தாயிற்று.

இன்று ஐப்பசிப் புதன், வண்டியின் ஹாரன்.
ரசீதோடு கீழே நின்று பார்க்கிறான் வண்டிக்காரன்,
உதவவும் இல்லை, போகவும் இல்லை.
அறுபத்தொன்றாவது படியில் இறக்கி வைத்து
அதன்மேலேயே உட்கார்ந்திருக்கிறேன்.
பனி, கீழிருந்து ஒவ்வொரு கூரையாக
எடுத்துக்கொண்டு வருகிறது.
மூச்சு வாங்குகிறது.
முதுகு இன்னும் வாய் திறக்கவில்லை.
மேலே முப்பத்தைந்து படி தள்ளி
அணைந்த அடுப்பில்
பாதி வெந்த பருப்பு.